கண்ணோரத் தோல் உரிந்த வருடம்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள் நான். அதற்குப் பிறகு பேனை பிடித்த நேரங்கள் குறைவு. ஒன்றைச் சொல்லத் தொடங்கி வேறொன்றுக்குள் போய்விடுவேன். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதும் இப்போது இடம் மாறி மாறித்தான் நினைவுக்கு வருகிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் யாராவது காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினால் எனக்குக் கதை நின்றுவிடும். மகளுடைய கண்ணோரமும் இப்போது வறண்டு உரிகிறதாம். "உம்மா, உங்களுக்கு எப்படிச் சொகமான?" என்று போனில் கேட்டாள். பாதியைச் சொன்னேன், பாதியை விழுங்கிவிட்டேன். விழுங்கிய பாதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நாட்டில் சண்டை முடிந்து, எங்கள் பக்கத்து ரோட்டை அகலமாக்கிப் போட்ட பிறகு நடந்தது இது. என் வீடு புத்தளம் பக்கத்தில், குறிஞ்சிப்பிட்டியில். மகள் கல்யாணம் முடித்துப் போனது கனமூலைக்கு. என் கணவர் மவுத்தாகி, நான் இத்தாவை முடித்து வெளியே வந்த வருடம் அது. கணவனை இழந்த பெண் குறித்த காலம் வரைக்கும் வீட்டோடு இருந்து, அலங்காரமும் மணமும் இல்லாமல் கழிப்பதைத்தான் இத்தா என்கிறோம். எனக்கு அது பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. யாரும் என்னை வெளியே கூப்பிட மாட்டார்கள் என்பது ஒருவிதத்தில் ஆறுதலாகவும் இருந்தது.

இத்தா முடிந்து கொஞ்ச நாளில் மேல் இமையின் மடிப்பில் ஒரு இறுக்கம் தொடங்கியது. முகம் கழுவிவிட்டு நின்றால், கஞ்சி போட்ட துணி வெயிலில் காய்வதைப் போல் தோல் இழுக்கும். பிறகு அதில் வெள்ளையாகப் பொடி பூத்தது. கருவாட்டில் உப்புப் பூத்திருக்குமே, அந்த மாதிரி. விரலால் தட்டினால் கொட்டும், அடுத்த நாள் திரும்பவும் பூக்கும். பிறகு சிவந்து, தடித்து, மூக்குப் பக்கத்து மூலையில் மெல்லிய வெடிப்பும் வந்தது. கொட்டாவி விட்டாலே எரியும். ஆனால் எல்லாம் வெளித்தோலில்தான். பீளையோ சீழோ இருக்கவில்லை.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், தொண்ணூறில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு பெண். அவருக்கு என்னைக் காணும்போதெல்லாம் ஒரு பகிடி இருக்கும்.

"ராத்தா, அழுது அழுது கண்ணத் தேச்சுப்போட்டீங்க. மவுத்தானவர் எழும்பி வந்தாலும் இது ஆரு எண்டுதான் கேப்பார்."

நான் தலையை ஆட்டினேன். உண்மையில் நான் அவ்வளவு அழவில்லை. அழுகை வருகிற நேரங்களில் வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ஆட்கள் முன்னால் எனக்கு அழவும் வராது. அவர்கள் போன பிறகு, கழுவ வேண்டிய சட்டிகள் கிடந்தன. ஆனாலும் ஒரு விதவை அழவில்லை என்று வேலியில் நின்று சொல்ல முடியாதுதானே. அழுததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அவரே காரணத்தை மாற்றினார். "செத்தல் மிளகாய்தான் ராத்தா. கையில காரம் இரிக்கி, மறந்துபோய்க் கண்ணத் தொடுறீங்க." எங்கள் பக்கத்தில் மிளகாய்க் காம்பு கிள்ளாத பெண் குறைவு. நானும் கிள்ளிக்கொண்டிருந்தேன். அதை நிறுத்திப் பார்த்தேன். எரிவு கொஞ்சம் குறைந்தது, உரிவது நிற்கவில்லை.

தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து காற்றில் வருகிறது என்றார் இன்னொருவர். அடிக்கிற நேரம் யன்னலைச் சாத்தி வைத்தேன். சோளகக் காற்றுக் காலம் வேறு. அந்தக் காற்று மணலையும் கொண்டு வரும், உடம்பில் இருக்கிற ஈரத்தையும் கொண்டு போகும். வெளியே போகும்போது முக்காட்டை நெற்றிக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். அது எனக்குப் பழக்கம்தான்.

மற்றது, கிணறு. மழை இல்லாத மாதங்களில் எங்கள் கிணறு உவர்க்கும். சுற்றிலும் தோட்டக்காரர்கள் மோட்டார் போட்டு இறைப்பதால் வர வர மோசம். ஐந்து நேரத் தொழுகைக்கும் முன்னால் அந்தத் தண்ணீரில்தான் ஒளுச் செய்து, கை கால் முகம் கழுவுவேன். ஒளுத் தண்ணீரைத் துடைக்காமல் தானாகக் காயவிடுவது நல்லது என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்லி வந்ததால், துடைக்கவும் மாட்டேன். உவர்த்தண்ணீர் காற்றில் காய்ந்தால் உப்பு எங்கே போகும்? இமை மடிப்பில்தான் இருக்கும். இதை அந்த நேரம் நான் யோசிக்கவில்லை, பிறகு டொக்டர் சொல்லித்தான் விளங்கியது.

எனக்குத் தெரிந்த மருந்துகளையும் போட்டேன். மஞ்சள் பூசினேன், எரிந்தது. தேசிக்காயைப் பிழிந்து அந்தப் புளிச் சாற்றைப் பூசச் சொன்னார்கள், பூசிவிட்டு அன்றைய பின்னேரத் தொழுகையை, அந்த அசரை எப்படித் தொழுதேன் என்று எனக்கே தெரியாது. தேங்காய் எண்ணெய் பூசிய நாட்களில் இதமாக இருந்தது, ஆனால் அடுத்த நாளே பழைய கதை. தலையிடிக்கு நெற்றியில் தேய்க்கும் பாமின் காரமும் இமையில் இறங்கிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். மொத்தத்தில், தோல் கேட்காததை எல்லாம் அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தோல் மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன். வலது கண்ணில் புரை முற்றியிருந்தது, இடது கண்ணிலும் தொடங்கியிருந்தது. வாசல் படலையில் ஆள் நின்றால் ஆள் என்று தெரியும், யார் என்று தெரியாது. என்னைப் போன்றவளுக்கு இது பெரிய இடைஞ்சல். யார் என்று தெரிந்தால்தானே, வெளியே வருவதா, குசினிக்குள் போய் நின்றுகொள்வதா என்று முடிவு செய்யலாம்? ஒரு நாள் மின்சார மீட்டர் பார்க்க வந்த ஆளை, மகளின் மாமனார் என்று நினைத்துவிட்டேன். சலாம் சொல்லி, கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்த ஆள் ஒன்றும் பேசாமல் குடித்து முடித்துவிட்டுத்தான், "உம்மா, மீட்டர் எங்க இரிக்கி?" என்று கேட்டார். மாமனார் எதற்கு மீட்டரைக் கேட்கிறார் என்று அப்போதும் யோசித்துக்கொண்டு நின்றேன்.

மகள் வந்து, என்னைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கண் டொக்டர் லைட் அடித்துப் பார்த்தார். புரையை எடுக்கலாம், எடுத்தால் பார்வை வரும் என்றார். ஆனால் இமையெல்லாம் வெடித்துப் புண்ணாக இருக்கும்போது கண்ணில் கை வைக்க முடியாது, கிருமி உள்ளே போய்விடும், முதலில் தோலைச் சுகப்படுத்திக்கொண்டு வாருங்கள் என்றார். தோல் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் என் காதுக்குள் சொன்னாள்.

"உம்மா, தோல் சொகமாகாட்டி ஒப்பரேஷன் இல்ல. ஒப்பரேஷன் இல்லாட்டி நீங்க தனிய இரிக்க ஏலா. அடுப்புல கைய வெச்சுக்குவீங்க. கனமூலைக்கு வந்துடுங்க. முன் அறைய ஒதுக்கித் தாறேன்."

"பாப்பம்" என்றேன்.

மகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மருமகனும் நல்ல மனிதர். ஆனால் அவர்களுடைய வீட்டோடு சேர்ந்துதான் கடை. காலையில் இருந்து இரவு இஷாத் தொழுகை வரைக்கும் ஆட்கள் வருவார்கள், போவார்கள். சாமான் வாங்க வந்தவர்களும் உள்ளே வந்து இருந்து தேத்தண்ணீர் குடிப்பார்கள். சம்பந்தி வீட்டார் அடுத்த வளவில். அங்கே போய் ஒரு பெருநாளைக் கழித்தால் எனக்கு இரண்டு நாள் தலையிடி இருக்கும். வந்தவர்கள் எல்லோருக்கும் சிரிக்க வேண்டும். யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குச் சோறு இறங்காது. முன் அறை என்றால் கடையைப் பார்த்த அறை. அதில்தான் மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டி வரும். என் வீட்டில் என் பாட்டில் இருக்க வேண்டும் என்றால் கண் வேண்டும். கண் வேண்டும் என்றால் அந்த இரண்டு விரல் அகலத் தோல் சுகமாக வேண்டும்.

இனி மச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மச்சி என் கணவரின் அக்கா. இரண்டு வளவு தள்ளி இருக்கிறார். பெரிய குரல், பெரிய மனது. எனக்குப் பதிலாகக் கதைப்பதைக் கல்யாணமான நாளிலிருந்து அவர்தான் செய்து வந்தார். மீன்காரரிடம் விலை கேட்பதும் மச்சி, கிராம சேவகரிடம் போவதும் மச்சி. சிங்களம் நன்றாகக் கதைப்பார். எனக்கும் சிங்களம் கேட்டால் ஓரளவு விளங்கும், ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். விளங்கும் என்பது மச்சிக்குத் தெரியாது. தெரியப்படுத்தும் சந்தர்ப்பம் வரவில்லை.

அவர் மகனோடு மக்காவுக்கு உம்ராப் பயணம் போய் வந்தபோது அத்தர் கொண்டு வந்தார். சின்ன விரல் அளவுக் குப்பி, மூடியோடு சேர்ந்து ஒரு கண்ணாடிக் குச்சி. எண்ணெய் மாதிரித் தடித்த அத்தர். நான் இத்தாவில் இருந்ததால் அதை வைத்திருந்து, முடிந்த அன்றைக்கே கொண்டு வந்தார்.

"இனி மணம் பூசலாம் புள்ள. தம்பி மவுத்தானதோட நீயும் கருவாட்டு வாடையோடயே காலத்தக் கழிக்கப் போறியா?" என்று என் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் குச்சியால் தொட்டுவிட்டார். "மக்காவுல வாங்கின. கடைச்சாமான் இல்ல."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அசர் நேரம் மச்சி வருவார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் தொழுவோம். தொழ நிற்பதற்கு முன், அவர் என் உள்ளங்கையில் ஒரு தொடு தொடுவார். இரண்டு கையையும் தேய்த்து முக்காட்டில் தடவிக்கொள்வேன். மற்ற நேரங்களுக்கு என்று குப்பியையும் என்னிடமே விட்டுப் போனார். வெளியே போகும்போது பூச மாட்டோம். இது வீட்டுக்குள் பெண்களுக்கு மட்டும். தொழுது, கையை ஏந்தி துஆக் கேட்டு, முடிந்ததும் இரண்டு உள்ளங்கையையும் முகத்தில் வைத்து மேலிருந்து கீழே தடவுவோம். நெற்றி, கண், கன்னம். ஒவ்வொரு தொழுகைக்கும் அப்படித்தான். அதைச் செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கை தானாகச் செய்யும்.

தோல் கிளினிக்குக்கு மச்சிதான் கூட வந்தார். மகளுக்குக் கடை வேலை. டொக்டர் ஒரு பெண், வயது குறைவு, சிங்களத்தில் கதைத்தார். தமிழ்ச் சொற்கள் சிலது தெரிந்திருந்தது. நான் கதிரையில் இருந்தேன், மச்சி எனக்குப் பின்னால் நின்றார்.

கண்ணில் என்ன போடுகிறீர்கள் என்று டொக்டர் கேட்டார். மச்சி என்னிடம் கேட்காமலே ஒன்றும் இல்லை என்றார். சுர்மா மை? இல்லை. முகத்துக்குக் கிறீம்? இல்லை. சவுக்காரம்? அதை மட்டும் ஓம் என்றார். தண்ணீர்? கிணற்று உவரைப் பற்றி மச்சி நீளமாகச் சொன்னார். தோட்டக்காரர்களையும் மோட்டாரையும் ஏசினார். டொக்டர் சிரித்துக்கொண்டு, இது எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

"தம்பி மவுத்தானதுல இருந்து. அழுத அழுகை அப்படி" என்று மச்சி சிங்களத்தில் சொன்னார்.

அது சரியில்லை. இத்தாக் காலம் முழுவதும் என் இமைக்கு ஒன்றும் இருக்கவில்லை. முடிந்த பிறகுதான் தொடங்கியது. அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, டொக்டர் என் இமையைப் பார்ப்பதற்காகக் கிட்ட குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்று மூக்கை இழுத்தார். என் முக்காட்டில் மணம் ஊறியிருந்தது. வெளியே வரும்போது பூசாவிட்டாலும் துணி விடுமா? எனக்கு முகம் சுட்டது. ஏசப் போகிறார் என்று நினைத்தேன்.

இது என்ன மணம் என்று கேட்டார்.

மச்சிக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. மக்காவில் வாங்கியது, அசல் சாமான், நான்தான் கொடுத்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னார். அதோடு நிற்காமல் கைப்பையில் இருந்த தன் குப்பியை எடுத்து, டொக்டருக்கும் ஒரு தொடு வைக்கப் பார்த்தார். டொக்டர் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கையை மோந்து பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவர் என் கையை மோந்து பார்த்தது அது ஒன்றுதான்.

அதன் பிறகு அவர் செய்ததை நான் மறக்கவில்லை. தன் இரண்டு கையையும் ஏந்தி, முகத்தில் வைத்து, மேலிருந்து கீழே தடவிக் காட்டினார். நாங்கள் தொழுது முடித்துத் தடவுகிற அதே தடவல். எங்கே பார்த்திருந்தாரோ. கண்ணுக்கு வந்ததும் கையை நிறுத்தி, என்னைப் பார்த்துத் தலையை இல்லை என்று ஆட்டினார். பிறகு மச்சியிடம் கொஞ்ச நேரம் கதைத்தார். இமைத்தோல்தான் உடம்பிலேயே மெல்லிய தோல். கையில் இருப்பது கைக்கு ஒன்றும் செய்யாது, இமைக்குச் செய்யும். இந்த மணத்தை முதலில் நிறுத்த வேண்டும், அதை நிறுத்தாமல் வேறு எதைப் பூசியும் பிரயோசனம் இல்லை. "சுவந்த எபா" என்று அழுத்திச் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது. மணம் வேண்டாம் என்பதுதான் அது.

அதோடு மற்றவற்றையும் சொன்னார். உவர்த்தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரால் ஒரு முறை ஊற்றிக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. இமையில் சவுக்காரம் படக் கூடாது. ஈரம் முழுதாகக் காய்வதற்கு முன்னால், மணம் போடாத பெற்றோலியம் ஜெலியை அரிசியளவு எடுத்து மெல்லியதாகப் பூச வேண்டும். ஒரு சின்ன டியூப் மருந்தும் எழுதினார். அதைக் கொஞ்ச நாள் மட்டும்தான் பூசலாம், கண்ணுக்குள் போகக் கூடாது, சொன்ன காலத்துக்கு மேல் ஒரு நாளும் பூசக் கூடாது, அது தோலை இன்னும் மெல்லியதாக்கிவிடும், கண்ணுக்கும் நல்லதில்லை என்றார்.

வெளியே போட்டிருந்த நீள மர வாங்கில் வந்து இருந்ததும் மச்சி என்னிடம் சொன்னார்.

"தண்ணியும் சவுக்காரமும்தானாம் புள்ள. நல்ல தண்ணியில கழுவட்டாம். ஜெலி பூசட்டாம். வேற ஒண்டும் இல்ல."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். என் கண்ணுக்கு முகம் ஒரு வட்டமாகத்தான் தெரிந்தது. அதில் என்ன இருந்தது என்று சொல்ல முடியாது. கைப்பையின் சிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் கேட்டது.

"ஓம் மச்சி" என்றேன்.

அவர் சொன்னது பொய் என்றும் இல்லை. தண்ணீரும் சவுக்காரமும் டொக்டர் சொன்னவைதான். ஒன்றை விட்டுவிட்டார், அவ்வளவுதான். தான் கொண்டு வந்து கொடுத்தது தம்பியின் பெண்டாட்டிக்குக் கேடாகிவிட்டது என்பதைத் தன் வாயாலேயே தமிழில் சொல்ல வேண்டிய நிலைமை அவருக்கு. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். நான் முதலில் அந்த இடத்துக்கே வந்திருக்க மாட்டேன்.

வீட்டில் சொன்னபடி எல்லாம் செய்தேன். பவுசர் லொறியில் வரும் நல்ல தண்ணீரை ஒரு மூடி போட்ட வாளியில் எடுத்து வைத்து, ஒளுவுக்குப் பிறகு கண்ணோரத்தை அதில் கழுவினேன். பழைய வெள்ளைத் துணி ஒன்றால் ஒற்றினேன். என்னிடம் இருந்த குப்பியை அலுமாரிக்குள் வைத்தேன், மற்ற நேரங்களுக்கு அதை எடுக்கவில்லை. முக்காடுகளைக் கழுவிக் காயப் போட்டேன். டியூப் மருந்து பூசிய நாட்களில் சிவப்பு இறங்கியது, வெடிப்பு மூடியது. ஆனால் அசருக்கு மச்சி வருவார். வந்தால் கையை நீட்டு என்பார்.

அவருக்குப் புறங்கையைக் காட்டினேன். புறங்கையைத் திருப்பி, உள்ளங்கையில் தொட்டுவிட்டார். தொழுது முடித்து துஆ ஓதியதும், கைகளை முகத்துக்குக் கொண்டுபோகாமல் மடியில் வைத்தேன்.

"என்ன புள்ள, கேட்ட துஆவ மடியில கொட்டிட்டாய்?" என்று சிரித்தார் மச்சி. "அல்லா குடுத்தத முகத்துல வாங்கிக்க."

வாங்கிக்கொண்டேன். அடுத்த நாள் அவர் வரும் முன்னமே தொழுது முடித்தேன். அவரும் இன்னும் நேரத்தோடு வரத் தொடங்கினார். கையைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். எண்ணெய் அத்தர், ஒரு கழுவலில் போகிற சாமான் இல்லை. டியூப் மருந்து பூசும் காலம் முடிந்தது. முடிந்த சில நாளில் மடிப்பில் அந்த வெள்ளைப் பொடி திரும்பவும் வந்தது.

அந்த நேரம்தான் மகள் போன் எடுத்தாள். முன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்களாம். கட்டில் போட்டாயிற்றாம். கிளினிக் திகதிக்குப் போய் வந்து, ஒப்பரேஷன் இல்லை என்றால் அங்கிருந்து நேரே கனமூலைக்கு வந்துவிடலாம் என்றாள். கட்டிலுக்கு நுளம்பு வலை என்ன நிறத்தில் வாங்க என்று கேட்டாள். நான் வெள்ளை என்றேன்.

அன்றைக்கு அசருக்கு மச்சி குப்பியைத் திறந்ததும், இரண்டு கையையும் முக்காட்டுக்குள் எடுத்துக்கொண்டேன்.

"மச்சி, எனக்கு அத்தர் வேணாம்."

"என்னத்துக்கு?"

"கண்ணுக்கு."

"கண்ணுல ஆரு பூசின? கையிலதானே பூசுற."

"கையத்தானே கண்ணுல தடவுற."

மச்சி குச்சியை நீட்டினபடி இன்னும் கிட்ட வந்தார். பிறகு குரல் உயர்ந்தது. "மக்காவுல இருந்து கொண்டு வந்த சாமான் கேடு செய்யும் எண்டு சொல்லுறியா? இத்தின பேருக்குக் குடுத்தேன், ஒராளாவது சொல்லிச்சா? நீ மட்டும் என்ன சீனிப் பொம்மையா?"

"மக்காட சாமான் கேடு எண்டு நான் சொல்லல்ல மச்சி. ஏன்ட தோல்தான் சரியில்ல. டொக்டர் அதத்தானே சொன்ன. சுவந்த எபா எண்டு."

அது என் வாயால் வந்துவிட்டது. சிங்களச் சொல்லை நான் சொல்லி மச்சி கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் குப்பியை மூடினார். மூடியைத் திருகும் சத்தம் மட்டும் நீளமாகக் கேட்டது. "அப்ப உனக்கு எல்லாம் விளங்கி இரிக்கி" என்றார். தொழாமலே எழும்பிப் போய்விட்டார்.

அதன் பிறகு மச்சி வரவில்லை. நான் ஆளனுப்பவும் இல்லை. அசர் நேரம் படலைப் பக்கம் பார்ப்பேன். யாராவது நின்றாலும் எனக்கு யார் என்று தெரியப் போவதில்லை. தனியாகத் தொழுதேன். வாளித் தண்ணீர், வெள்ளைத் துணி, அரிசியளவு ஜெலி. கண்ணைச் சொறிய வேண்டும் போல இருந்தால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வைத்துக்கொண்டேன். துஆவுக்குப் பிறகு முகத்தைத் தடவினேன், ஒன்றும் பூசாத கையால். பொடி பூப்பது குறைந்தது. பிறகு ஒரு காலையில் முகம் கழுவும்போது எரிவு இல்லை என்பதைக் கழுவி முடித்த பிறகுதான் கவனித்தேன். விரலை வைத்துப் பார்த்தேன். தோல் தோலாக இருந்தது. அந்த முறை டியூப் மருந்து ஒன்றும் பூசவில்லை.

கிளினிக் நாளன்று எப்படிப் போவது என்று முக்காட்டைப் போட்டுக்கொண்டு யோசித்தபடி நின்றேன். படலையில் த்ரீவீல் சத்தம் கேட்டது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஏறு. நம்பர் போயிடும்" என்றது மச்சியின் குரல்.

ஏறி, அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கிட்ட இருந்தபோது அவரிடமிருந்து மணம் வரவில்லை. அதை நான் சொல்லவும் இல்லை.

டொக்டர் என் இமையை இழுத்துப் பார்த்தார், லைட்டைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார், முக்காட்டை மோந்தும் பார்த்தார். நன்றாகிவிட்டது, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் மச்சியைப் பார்த்தேன். மச்சி ஒரு அடி முன்னால் வந்து, அத்தரை நான்தான் நிறுத்தச் சொன்னேன், இவ கேட்க மாட்டேன் என்றா, கையைப் பிடித்து வைத்துத்தான் நிறுத்தினேன் என்று சிங்களத்தில் விளக்கமாகச் சொன்னார். டொக்டர் மச்சியின் தோளில் தட்டி மெச்சினார்.

எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியது என்பது மச்சிக்கும் தெரியும். வெளியே வந்து வாங்கில் இருந்ததும், "டொக்டர் என்ன சொன்ன மச்சி?" என்று கேட்டேன்.

"சொகம் எண்டு சொல்லுது. வேற என்ன சொல்ல" என்றார். பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்த வழியால் போன நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் திரும்பிப் பார்த்தார், நான் முக்காட்டை இழுத்துக்கொண்டேன்.

கண் டொக்டர் திகதி தந்தார். வலது கண்ணை முதலில் செய்தார்கள், இடது கண்ணைப் பிறகு. முன் அறையில் மருமகன் அரிசி மூட்டை அடுக்கிவிட்டார் என்று மகள் கொஞ்சம் கோபத்தோடு சொன்னாள். நான் குறிஞ்சிப்பிட்டியிலேயே இருக்கிறேன். படலையில் நிற்பது யார் என்று இப்போது தெரிகிறது. பாதி நேரம் வெளியே வருகிறேன், பாதி நேரம் குசினியில் நிற்கிறேன்.

மகளே, உனக்கும் அத்தர்தான் என்று நான் சொல்லவில்லை. நகத்தில் பூசுவது, தலைமுடிக்குப் போடுவது, கடையில் நீ கையால் அளப்பது, தலையணை உறைக்குப் போடும் சவுக்காரத் தூள், எதுவாகவும் இருக்கலாம். கண்ணில் என்ன போடுகிறாய் என்று மட்டும் யோசிக்காதே, கையில் என்ன இருக்கிறது என்று பார். எதையும் புதிதாகப் பூசுவதற்கு முன் எதை நிறுத்தலாம் என்று பார். நிறுத்தியும் ஆறாவிட்டால், கண்ணுக்குள்ளும் சிவந்தால், வீங்கினால், டொக்டரிடம் காட்டு. என்னுடைய டியூப்பைக் கேட்காதே, உன் மாமி சொல்லும் மருந்தையும் பூசாதே.

அந்த டியூப் மருந்தின் பெயர் எனக்கு நினைவில்லை, அதை எத்தனை நாள் பூசச் சொன்னார் என்பதும் சரியாக நினைவில்லை, அதனால்தான் எழுதவில்லை. டொக்டர் சிங்களத்தில் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதியிருக்கிறேன். நடுவில் எதையாவது விட்டிருப்பேன். இதை வாசிக்கிறவர்களில் யாராவது, ஒரு நேரம் பார்த்து, மச்சியின் முன்னால் இருந்து முழுவதையும் வாசித்துக் காட்டிச் சரி பாருங்கள். அவர் அங்கே நின்றவர், நன்றாகத் தெரியும். பிழை என்று அவர் சொல்லும் இடங்களை வெட்டிவிடலாம். வாசிக்கும்போது நான் அங்கே இருக்க மாட்டேன்.